நீதி முதலா, நன்மை முதலா? – தீராத ஒரு வழக்கின் வரலாறு

நீதியா, நன்மையா என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ‘இரண்டும்தான்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். இரண்டும் ஒரே பக்கம் போகும்வரை அந்தப் பதிலில் குறை இல்லை. நூறு பேருக்கு நன்மை கிடைக்க ஒருவருக்கு அநீதி செய்ய வேண்டிவந்தால் என்ன செய்வது? அங்கே அந்தப் பதில் கைகொடுக்காது. எதை முதலில் வைப்பது என்று சொல்லியாக வேண்டும். மேற்கத்திய அறவியலில் இந்தக் கேள்வி 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நீதிமன்ற வழக்கு போலவே நடந்துவருகிறது. வாதம், எதிர்வாதம், சாட்சி, மேல்முறையீடு எல்லாம் உண்டு. தீர்ப்புதான் இன்னும் வரவில்லை (நம் ஊர் சிவில் வழக்குகளே பரவாயில்லை!).

பாடப் புத்தகங்கள் இதை இரண்டு பத்திகளில் முடித்துவிடும். ‘காண்ட் நீதிக் கட்சி, மில் நன்மைக் கட்சி’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கேள்வி எங்கே பிறந்தது, யார் யாருடைய வாழ்க்கையில் போய் மோதியது என்று பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதே கொஞ்சம் சிரமம். காரணம், ‘அறம்’ என்ற நம்முடைய பெரிய சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ஏழைக்குச் சோறு போடுவதும் அறம். பழந்தமிழர் வழக்குத் தீர்த்த இடத்துக்குப் பெயரும் அறங்கூறு அவையம். எனவே இங்கே பிரித்துக்கொள்வோம். ஒருவருக்கு உரியதை அவருக்கு மறுக்காமல் இருப்பது நீதி. மனிதர் அடைய விரும்பும் இன்பம், நலம், நிறைவு, உயர்ந்த வாழ்வு ஆகியவை எல்லாம் நன்மை. நீதிக்கு முதலிடம் என்று சொல்பவர்கள் ‘நீதி இருந்தால் போதும், நன்மை வேண்டாம்’ என்று சொல்லவில்லை. நன்மையைத் தேடிப் புறப்படும் முன்பே, போகக்கூடாத பாதைகளுக்கு நீதி வேலி போட்டுவிட வேண்டும் என்பதே அவர்கள் வாதம். எதிர்த் தரப்போ, ‘எங்கே போகிறோம் என்றே தெரியாமல் வேலியை எங்கே போடுவீர்கள்?’ என்று கேட்கிறது. இரண்டுமே நியாயமான பேச்சாகத்தான் தோன்றுகிறது, இல்லையா?

கிரேக்கர்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வளவாக இல்லை. பிளேட்டோவின் ‘குடியரசு’ முழுக்க நீதியைப் பற்றிய நூல்தான். ஆனாலும் நடுவே அவர் நன்மையை எல்லாவற்றுக்கும் மேலே உட்கார வைத்துவிடுகிறார்; நன்மையை அறியாதவன் நீதியை அறிந்தும் பயனில்லை என்கிறார். அரிஸ்டாட்டிலின் அறவியல் நூல் தொடங்குவதே எல்லாச் செயலும் ஏதோ ஒரு நன்மையை நோக்கியே செல்கிறது என்றுதான். நீதிக்கு அவர் ஒரு முழுப் பகுதியையே ஒதுக்கினார். ஆயினும் நண்பர்களுக்கு நடுவே நீதி தேவைப்படாது என்றும் பின்னால் எழுதினார். இந்தக் கடைசிக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2300 ஆண்டுகள் கழித்து அது திரும்பி வருகிறது.

ஒரு பாதிரியாரின் கேள்வி

இந்த வழக்கு முறையாகப் பதிவான இடம் ஒரு புத்தக விமரிசனம்! 1785-இல் இம்மானுவேல் காண்ட் தம் முதல் அறவியல் நூலை வெளியிட்டார். பால்டிக் கடலில் உள்ள ரூகன் தீவில், போசெரிட்ஸ் என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர் ஹெர்மன் ஆண்ட்ரியாஸ் பிஸ்டோரியஸ். அவர் 1786-இல் அந்த நூலுக்கு விமரிசனம் எழுதினார். அவர் கேட்டது மிக எளிய கேள்வி. எது நல்லது என்பதை முதலில் நிறுவாமல், எது கடமை என்பதை நீங்கள் எப்படி நிறுவினீர்கள்?

காண்ட் அன்று ஐரோப்பாவின் பெரிய தத்துவவாதி. ஒரு தீவின் பாதிரியாரை அவர் சட்டை செய்யாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. 1788-இல் வந்த ‘நடைமுறை அறிவின் விமரிசனம்’ நூலின் முன்னுரையிலேயே, பெயரைச் சொல்லாமல், உண்மையை நேசிக்கும் கூர்மையான விமரிசகர் என்று அவரைப் பாராட்டிவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் பதில் இருப்பதாகச் சொன்னார். இன்றைய விமரிசகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அது வேறு கட்டுரைக்கு ஆகும்.

காண்ட் சொன்ன பதில் இது. நன்மையை முதலில் வைத்தால், எது நன்மை என்று எதைக் கொண்டு முடிவு செய்வோம்? அனுபவத்தில் எது இன்பம் தருகிறதோ அதைக் கொண்டுதான். எனக்கு இன்பமாக இருப்பது உங்களுக்குத் துன்பமாக இருக்கலாம். அப்படியானால் ஒழுக்கம் என்பது அவரவர் ஆசைக்குச் சேவகம் செய்யும் வேலைக்காரனாகிவிடும். எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதியாக நிற்க முடியாது. ஆகவே விதி முதலில். அந்த விதி அனுமதிப்பதே நன்மை. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

1793-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அரசியலுக்கும் கொண்டுவந்தார். குடிமக்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களுக்கு எது நல்லது என்று தகப்பன் போல ஓர் அரசு முடிவு செய்தால், அதைவிடப் பெரிய கொடுங்கோன்மை இல்லை என்றார். எனக்குக் காண்டின் எல்லாப் பக்கங்களையும்விட இந்த ஓர் இடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்பது மில்லிடம் வரும்போது தெரியும்.

கூட்டிப் பார்க்கும் கலை

மறுபக்கம் இங்கிலாந்தில் ஜெரமி பெந்தாம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பெரும்பான்மையோரின் பேரின்பமே சரி-தவறுக்கு அளவுகோல் என்பதை 1776-இலேயே சொன்னார். 1789-இல் விரிவாக எழுதினார். இதைத்தான் பயன்வாதம் என்கிறோம். பெந்தாமைக் கேலி செய்வது சுலபம். ஆனால் பிரபுவின் பல்வலி வேலைக்காரனின் சாவைவிடப் பெரிதாகக் கருதப்பட்ட காலத்தில், எல்லோருடைய வலியையும் ஒரே தராசில் போடு என்று சொன்னது சாதாரண விஷயமில்லை. சிறைகளைச் சீர்திருத்த வேண்டும், விலங்குகளின் துன்பத்தையும் எண்ண வேண்டும் என்றெல்லாம் பேசியவர் அவர்.

சிக்கல், எண்ணியபின் கூட்டுவதில் இருக்கிறது. ஒவ்வொருவரையும் ஒன்று என்று எண்ணி, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினால், கூட்டுத்தொகை மட்டும் நிற்கும். அந்த ‘ஒன்று’ காணாமல் போய்விடும். யாரோ ஒருவருக்கு நேர்ந்த பெருந்துன்பத்தை மற்ற பலரின் சிறு சிறு இன்பங்கள் ஈடுகட்டிவிடும்.

ஜான் ஸ்டூவர்ட் மில் இந்த ஓட்டையை நன்றாகவே கண்டார். 1861-இல் பத்திரிகையில் கட்டுரைகளாகவும் 1863-இல் நூலாகவும் வந்த ‘பயன்வாதம்’ நூலின் கடைசி அத்தியாயம் முழுவதும் நீதியைப் பற்றியதுதான். மற்ற எந்த விதியையும்விட நீதி விதிகள் அதிகமாக நம்மைக் கட்டுப்படுத்துகின்றன என்று ஒப்புக்கொண்டார். ஏன் கட்டுப்படுத்துகின்றன? பாதுகாப்பு என்ற, மனிதருக்கு மிக அவசியமான நலனை அவை காப்பதால். அதாவது நீதிக்கு முதல் நாற்காலி கொடுத்தார். ஆனால் நாற்காலி நன்மையின் வீட்டு நாற்காலி. வீட்டுக்காரர் விரும்பினால் எழுப்பிவிடலாம்.

எழுப்பியும் விட்டார். இது நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கதை. மில் 1823 முதல் 1858 வரை, 35 ஆண்டுகள், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். இந்தியாவுக்கு அனுப்பவேண்டிய உத்தரவுக் கடிதங்களை வரைவது அவர் தொழில். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. (அவர் தந்தை ஜேம்ஸ் மில்லும் இந்தியாவைப் பார்க்காமலே அதன் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர். குடும்பத் திறமை!) கம்பெனி வேலையிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1859-இல், ‘சுதந்திரம் பற்றி’ என்ற புகழ்பெற்ற நூல் வந்தது. தனிமனித சுதந்திரத்துக்கு அதைவிட அழகாக வாதாடிய நூல் குறைவு. அந்நூலின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இந்தச் சுதந்திரம் குழந்தைகளுக்கும், ‘பின்தங்கிய’ சமூகங்களுக்கும் பொருந்தாது. அப்படிப்பட்டவர்களை முன்னேற்றுவது நோக்கமாக இருந்தால், அவர்கள் மீது சர்வாதிகார ஆட்சி நடத்துவதும் நியாயமே என்கிறார்.

மில் கெட்டவர் இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியவர். அவர் கையில் இருந்த கருவிதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. நன்மையை முதலில் வைத்துவிட்டால், ‘உன் நன்மைக்குத்தான்’ என்று சொல்லி ஒரு நாட்டையே கையில் வைத்துக்கொள்ள முடிகிறது. 1793-இல் காண்ட் எச்சரித்த தகப்பன் அரசு இதுதான். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். காண்டும் வெள்ளையர் அல்லாத மக்களைப் பற்றி எழுதிய சில பக்கங்கள் படிக்கக் கூசுபவை. ஆனால் அவருடைய கோட்பாட்டை வைத்தே அந்தப் பக்கங்களைக் கண்டிக்க முடியும். மில்லின் விதிவிலக்கை அவர் கோட்பாட்டைக் கொண்டு கண்டிக்க வேண்டுமானால், ‘கணக்கு தப்பு’ என்று மட்டுமே சொல்ல முடியும்.

இந்த இரண்டு தரப்பையும் பெயரிட்டுப் பிரித்தவர் ஹென்றி சிட்ஜ்விக். பழங்கால அறவியல் நன்மையில் தொடங்கியது, நவீன அறவியல் ‘செய்ய வேண்டியது எது’ என்ற விதியில் தொடங்குகிறது என்று 1874-இல் எழுதினார். அதன்பின் ஒரு நூற்றாண்டு காலம் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம்.

பால்டிமோர் பையன்

ஜான் ரால்ஸ் 1921-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 1928-இல் அவருக்குத் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. அவரிடமிருந்து தம்பிக்குத் தொற்றியது. அவர் பிழைத்தார், தம்பி இறந்தான். அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா. இன்னொரு தம்பிக்குத் தொற்றியது. மறுபடியும் அவர் பிழைத்தார், அந்தத் தம்பியும் இறந்தான். ஒருவரின் வாழ்க்கைச் சம்பவத்தையும் தத்துவத்தையும் நேர்க்கோடு போட்டு இணைப்பது ஆபத்தான வேலை. ஆனாலும், யாருக்கு என்ன வாய்க்கிறது என்பதில் தகுதிக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை இவ்வளவு சிறு வயதில் பார்த்தவர்கள் தத்துவத் துறையில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

1942-இல் பிரின்ஸ்டனில் இளங்கலை மாணவராக ஒரு ஆய்வேடு எழுதினார்; பாவம், நம்பிக்கை பற்றியது. அது அவர் இறந்தபின், 2009-இல்தான் நூலாக வந்தது. மதகுருவாகப் போகலாமா என்று யோசித்த காலம் அது. அந்த இளைஞரே, ஏதோ ஒரு மேலான பொருளை ஆசைப்பட்டு அடைவதுதான் ஒழுக்கம் என்ற பிளேட்டோ, அரிஸ்டாட்டில் வழியை நிராகரிக்கிறார். ஒழுக்கம் என்பது ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவு என்கிறார். பிறகு போர், பசிபிக் தீவுகள். போர் முடிந்தபோது மத நம்பிக்கை போய்விட்டது. ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவு என்ற எண்ணம் மட்டும் தங்கிவிட்டது.

1971-இல் வந்த ‘ஒரு நீதிக் கோட்பாடு’ 600 பக்க அளவிலான நூல். முதல் பக்கத்திலேயே வழக்கை எடுத்துவிடுகிறார்: சமூகம் முழுவதன் நலனுக்காகக்கூட மீறமுடியாத ஏதோ ஒன்று ஒவ்வொரு மனிதரிடமும் இருக்கிறது, அது நீதியின்பாற்பட்டது. ஒரே ஆள் இன்று கஷ்டப்பட்டு நாளை சுகப்படுவது சரி. பயன்வாதம் அதே கணக்கை ஊர் முழுவதற்கும் போடுகிறது. கஷ்டப்படுபவர் ஒருவர், சுகப்படுபவர் வேறொருவர் என்பதை அது மறந்துவிடுகிறது. ரால்ஸின் இந்தக் குற்றச்சாட்டுக்கு இன்றுவரை முழுமையான பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

‘முதலிடம்’ என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார்? அகராதியைப் போல. தமிழ் அகராதியில் ‘அ’வில் தொடங்கும் கடைசிச் சொல்லும் ‘ஆ’வில் தொடங்கும் முதல் சொல்லுக்கு முன்னால்தான் வரும். ‘ஆ’ வரிசையில் எத்தனை ஆயிரம் சொற்கள் இருந்தாலும் இந்த இடம் மாறாது. அதுபோல, அடிப்படைச் சுதந்திரத்தில் ஒரு பிடியைப் பறித்துக்கொண்டு, பதிலாக எவ்வளவு பெரிய பொருளாதார லாபம் தந்தாலும் செல்லாது.

இது வெறும் காகிதச் சித்தாந்தமா? மாணவர்களாகிய நமக்கு ஆர்வம் தரக்கூடிய ஒரு சம்பவம் இருக்கிறது. வியட்நாம் போருக்காக அமெரிக்கா இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது. கல்லூரியில் ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு ‘2-எஸ்’ என்ற பிரிவில் விலக்கு உண்டு. படித்தவர்கள் நாட்டின் சொத்து, அவர்களைப் போர்முனைக்கு அனுப்பினால் எல்லோருக்கும் நஷ்டம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சுத்தமான நன்மைக் கணக்கு! ஹார்வர்டில் 1966 இறுதியிலும் 1967 தொடக்கத்திலும் ரால்ஸும் சக ஆசிரியர்கள் சிலரும் இந்த விலக்கை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆட்களைக் கட்டாயப்படுத்தித்தான் தீர வேண்டும் என்றால் பணக்காரர் பிள்ளைகளும் வரிசையில் நிற்க வேண்டும். குலுக்கல் போட்டு எடுங்கள் என்பது அவர் நிலை. போரையே அவர் அநீதி என்று கருதியவர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் வகுப்பில் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எதிராகவே பேசினார்! தீர்மானம் தோற்றது. 1969 டிசம்பர் 1 அன்று அரசே குலுக்கல் முறைக்கு வந்தது. புதிய மாணவர்களுக்கான விலக்கு 1971-இல் நீக்கப்பட்டது.

நூல் வந்த மறு ஆண்டு, 1972 ஜூலையில், இன்னொரு செய்தி வெளியானது. அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்ற ஊரை ஒட்டி, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 40 ஆண்டுகள் ஒரு ஆய்வு நடத்திவந்திருக்கிறது. 600 கறுப்பின ஆண்கள்; அவர்களில் 399 பேருக்கு மேகநோய். நோய் தானாக வளர்ந்தால் உடம்பு என்னவாகும் என்று பார்ப்பதே நோக்கம். அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். 1940-களில் பென்சிலின் வந்து, அதுதான் மருந்து என்று உறுதியான பிறகும் கொடுக்கவில்லை. மருத்துவ அறிவு வளரும், மனிதகுலத்துக்கு நன்மை என்ற பெயரில் இது நடந்தது.

கணக்குப் பார்த்தாலும் இந்த ஆய்வு தேறாது, அதனால் கிடைத்த அறிவு அற்பம், எனவே பயன்வாதியும் இதைக் கண்டிப்பார் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால், அறிவு நிறையக் கிடைத்திருந்தால் சரியாகியிருக்குமா? இல்லை என்று சட்டென்று சொல்லத் தோன்றுகிறதல்லவா, அந்த ‘சட்டென்று’ என்பதைத்தான் ரால்ஸ் 600 பக்கங்களில் விளக்குகிறார். இந்த விவகாரத்துக்குப் பின் 1979-இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு மதிப்பு, நன்மை, நீதி என்று மூன்று நெறிகளை வகுத்தது. மூன்றில் எது முதல் என்று மட்டும் வரிசைப்படுத்தவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொன்னேனே!

சாண்டலின் மேல்முறையீடு

1982-இல், 30 வயதுகூட நிரம்பாத மைக்கேல் சாண்டல் ‘தாராளவாதமும் நீதியின் எல்லைகளும்’ என்ற நூலில் ரால்ஸை எதிர்த்தார். அவர் வாதத்தில் இரண்டு இடங்கள் எனக்குப் பிடித்தவை. இரண்டிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

முதலாவது, குடும்பம். அன்பான குடும்பத்தில் யாரும் தன் பங்கைக் கேட்பதில்லை. சண்டை வந்து பாசம் போன பிறகுதான் ‘எனக்குரியது எங்கே’ என்ற கேள்வி எழுகிறது. அப்போது பாகப்பிரிவினை ஒழுங்காக நடந்துவிட்டது என்பதற்காக, குடும்பம் முன்பைவிட நன்றாகிவிட்டது என்று சொல்வோமா? ஆகவே நீதி என்பது நோய் வந்தபின் தரும் மருந்து. அதை முதல் நற்பண்பு என்று சொல்லக்கூடாது. நண்பர்களுக்கு நீதி வேண்டாம் என்ற அரிஸ்டாட்டிலின் பழைய கருத்து இங்கே திரும்பி வந்துவிட்டது. நடுவில் டேவிட் ஹியூமும் 1751-இல் இதையே சொல்லியிருந்தார். கணவன் மனைவிக்குள் அன்பு அவ்வளவு வலிமையானது என்று கருதியே சட்டம் அவர்களுக்குள் உன்னது என்னது என்ற பிரிவை நீக்கிவிடுகிறது என்பது அவர் தந்த உதாரணம்.

அழகான உதாரணம்தான். ஆனால் அன்றைய இங்கிலாந்துச் சட்டம் உண்மையில் என்ன செய்தது? மனைவியின் சொத்தைப் பொதுவாக்கவில்லை, கணவனிடம் கொடுத்தது. இது மாற 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் வரவேண்டியிருந்தது. பங்கு கேட்காத குடும்பம் என்று நாம் பூரிக்கும் இடத்தில், கேட்கவே வழியில்லாத ஒருவர் இருந்திருக்கிறார்! சூசன் மோலர் ஓகின் 1989-இல் எழுதிய நூலில் சாண்டலுக்கு இந்தத் திசையிலிருந்துதான் பதில் சொன்னார். நம் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுபவர் யார் என்று யோசித்தால் ஓகினைப் படிக்காமலே பாதி புரிந்துவிடும். அவர் கேட்காமல் இருப்பது அன்பினால்தான். அதற்காக, அவருக்கு உரியது எதுவும் இல்லை என்று ஆகிவிடுமா?

இரண்டாவது வாதம் இதைவிட வலுவானது. 1998-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் சாண்டல் இரண்டு ஊர்வலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிகாகோவை அடுத்த ஸ்கோகி என்ற ஊரில், ஹிட்லரின் முகாம்களிலிருந்து தப்பிவந்த யூதர்கள் பலர் வாழ்ந்தார்கள். 1977-இல் அங்கேதான் ஊர்வலம் போவோம் என்றது ஒரு நாஜிக் கும்பல். பேச்சுரிமை எல்லோருக்கும் உண்டு என்று நீதிமன்றங்கள் அனுமதித்தன (கடைசியில் அவர்கள் ஸ்கோகிக்குப் போகவில்லை, சிகாகோவிலேயே நடத்திக்கொண்டார்கள்). மற்றொன்று செல்மா. 1965-இல் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு அலபாமாவின் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடக்கப் புறப்பட்டார்கள். மார்ச் 7 அன்று பாலத்தில் போலீஸ் அவர்களை அடித்து நொறுக்கியது. பத்து நாள் கழித்து நீதிபதி பிராங்க் ஜான்சன் ஊர்வலத்தை அனுமதித்தார். நெடுஞ்சாலையில் இவ்வளவு பெரிய ஊர்வலம் வழக்கமான வரம்பைத் தாண்டுகிறது என்பதை அவர் ஏற்றார். ஆனால் எதிர்க்கப்படும் கொடுமை எவ்வளவு பெரிதோ, அதற்கேற்ப எதிர்க்கும் உரிமையும் விரிய வேண்டும் என்றார்.

சாண்டல் கேட்கிறார்: எது நல்லது என்பதில் தலையிடாமல், உரிமையை மட்டும் பார்ப்பேன் என்று இருந்தால், இந்த இரண்டு ஊர்வலங்களும் ஒன்றாகிவிடாதா? ஜான்சன் அந்த மக்களின் லட்சியம் உயர்ந்தது என்று தீர்மானித்ததால்தானே அனுமதித்தார்? அப்படியானால் நன்மைதானே முதலில் வருகிறது?

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றேன். பிறகு தோன்றியது இது. ஜான்சன் தராசில் வைத்தது லட்சியத்தின் உயர்வை அல்லவே! எதிர்க்கப்படும் கொடுமையின் அளவைத்தான் அவர் எடைபோட்டார். செல்மா இருந்த மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் பதிவு செய்ய முடிந்திருந்தது. மற்றவர்களுக்கு உரியது மறுக்கப்பட்டது. அது அநீதி, அதை அறிய, எது உயர்ந்த வாழ்க்கை என்ற கேள்விக்குள் போகவே வேண்டியதில்லை. நாஜிகளுக்கு ஸ்கோகியில் எந்த உரிமையும் மறுக்கப்பட்டிருக்கவில்லை. ஆக, இரண்டு ஊர்வலங்களையும் நீதியைக் கொண்டே பிரித்துவிடலாம். சாண்டல் கொண்டுவந்த சாட்சி ரால்ஸ் பக்கமே சாட்சி சொல்வதாக எனக்குப் படுகிறது.

ஆனால் சாண்டலிடம் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது, அதை ரால்ஸ் தரப்பால் எளிதில் கரைக்க முடியாது. வாக்குரிமை மறுப்பு ஏன் அவ்வளவு பெரிய கொடுமை? வாகனம் நிறுத்தும் இடம் மறுக்கப்பட்டால் ஏன் அவ்வளவு பெரிதில்லை? எந்த உரிமை பெரிது, எது சிறிது என்று சொல்ல, மனித வாழ்க்கைக்கு எது முக்கியம் என்ற ஏதோ ஓர் எண்ணம் நமக்கு வேண்டியிருக்கிறது. ரூகன் தீவுப் பாதிரியார் 1786-இல் கேட்டதும் இதுதானே! ரால்ஸும் இதை உணர்ந்தே இருந்தார். 1988-இல் எழுதிய கட்டுரையிலும் 1993-இல் வந்த ‘அரசியல் தாராளவாதம்’ நூலிலும், நீதியும் நன்மையும் ஒன்றை ஒன்று நிரப்புபவை, ஒன்றை மட்டும் வைத்து எந்தக் கோட்பாடும் நிற்காது என்று சொன்னார். ஆனால் அரசு சட்டத்தின் பலத்தோடு ஒருவர்மீது கைவைக்கும்போது, எல்லைக்கோட்டை நீதிதான் போட வேண்டும் என்பதிலிருந்து இறங்கவில்லை.

அந்தக் கோட்டை அவரே எவ்வளவு தூரம் மதித்தார் என்பதற்கு அவருடைய கடைசிக் காலக் கட்டுரைகளில் ஒன்று சான்று. ஹிரோஷிமா நடந்து 50 ஆண்டு முடிந்த 1995-இல் எழுதியது. குண்டு போடாமல் இருந்திருந்தால் ஜப்பானுக்குள் தரைப்படை இறங்க வேண்டியிருந்திருக்கும், இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள் என்பது அமெரிக்காவில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அந்தத் தரைப்படையில் தாமும் ஒருவராக இருந்திருக்கக்கூடியவர் ரால்ஸ். இருந்தும், அந்தக் கணக்கை ஏற்காமல், ஹிரோஷிமாவும் அதற்கு முன் ஜப்பானிய நகரங்கள் மீது வீசிய தீக்குண்டுகளும் பெரும் தவறு என்று எழுதினார்.

அதே கட்டுரையில் ஒரு கதவையும் திறந்து வைத்தார். தனித்து நின்ற பிரிட்டன், நாஜி வெற்றியைத் தடுக்க வேறு வழியே இல்லாத உச்ச நெருக்கடியில், ஜெர்மன் நகரங்கள் மீது குண்டு போட்டதை நியாயப்படுத்தலாம் என்றார். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது முதல் குறைந்தது 1941 இறுதிவரை. நீட்டினால் 1943 பிப்ரவரி ஸ்டாலின்கிராட் வரை. நீதிக்கு முதலிடம் கேட்டு ஆயுள் முழுவதும் வாதாடியவர், அந்த இடத்துக்கு விதிவிலக்கு தந்து, அதற்குத் தேதியும் போட்டார். டிரெஸ்டன் நகரம் எரிந்த 1945 பிப்ரவரி அந்தத் தேதிக்கு வெளியே. ஆகஸ்ட் 6 இன்னும் வெளியே. அந்த ஆண்டு, போர் முடிந்தபின், ஆக்கிரமிப்புப் படையின் சிப்பாயாக, 24 வயதில், ஹிரோஷிமாவின் இடிபாடுகள் வழியாக அவர் ரயிலில் போயிருந்தார்.